கேலக்ஸி 500: மூன்று ஆல்பங்களும் அவற்றின் மூல நாடாக்களும்

மூலநாடா எழுதியது:

அமெரிக்க இண்டி ராக் பற்றிய பேச்சில் கேலக்ஸி 500 என்ற பெயர் அடிக்கடி அடிபடுகிறது. ஆனால் பின்னால் வந்த மெதுவேக இசைக்குழுக்களுக்கு இவர்கள் முன்னோடி என்ற ஒரு வரியோடு பேச்சு அடுத்த குழுவுக்குத் தாவிவிடுகிறது. 1987 முதல் 1991 வரை மட்டுமே இயங்கிய இந்த மூவர் குழுவின் ஒலிப்பதிவுகளுக்கு என்ன நேர்ந்தது, அவை யார் கையில் இருந்து யார் கைக்குப் போயின, இன்று நாம் அவற்றைக் கேட்க முடிகிறதென்றால் அதற்கு யார் காரணம் என்பதையெல்லாம் ஓரிடத்தில் பேச வேண்டும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அடிப்படைச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கிட்டார் வாசித்துப் பெரும்பாலான பாடல்களைப் பாடியவர் டீன் வேர்ஹம். நியூசிலாந்தில் பிறந்து, சிட்னி வழியாக நியூயார்க்குக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். டிரம்ஸ் வாசித்தவர் டேமன் குருகோவ்ஸ்கி, பாஸ் கிட்டார் வாசித்தவர் நவோமி யாங். மூவரும் நியூயார்க்கின் டால்டன் பள்ளியில் அறிமுகமாகி, பின்னர் ஹார்வர்டில் படித்தவர்கள். வேர்ஹமும் குருகோவ்ஸ்கியும் மாணவப் பருவத்திலேயே பங்க் வாடையடிக்கும் சில குழுக்களை நடத்திக் கலைத்திருந்தார்கள். 1987இல் மீண்டும் சேர்ந்தபோது பாஸ் வாசிக்க ஆள் தேடினார்கள். அதுவரை அந்தக் கருவியைத் தொடாத யாங், தானே கற்றுக்கொண்டு வாசிப்பதாக முன்வந்தார். குருகோவ்ஸ்கி முதலில் வாசித்த டிரம்ஸ் கூட இரவல் வாங்கியதுதான். அதைக் கொடுத்தவர் பின்னாளில் தொலைக்காட்சித் தொகுப்பாளராகப் பெயர் பெற்ற, அவருடைய ஹார்வர்டு சகமாணவர் கோனன் ஓ'பிரையன். குழுவின் பெயர் ஒரு நண்பரிடம் இருந்த ஃபோர்டு காரின் பெயர்.

ஆல்பங்கள் மூன்று: 1988இல் 'டுடே', 1989இல் 'ஆன் ஃபயர்', 1990இல் 'திஸ் இஸ் அவர் மியூசிக்'. மூன்றையும் பதிவு செய்தவர் ஒருவரே. இடமும் மன்ஹாட்டனில் இருந்த நாய்ஸ் நியூயார்க் என்ற ஒரே கூடம். குறுகிய காலத்தில், ஒரே கூடத்தில், ஒரே ஒலிப்பதிவாளரோடு ஒரு குழு தன் வாழ்நாள் வேலை முழுவதையும் முடித்திருப்பது அரிது. அந்தப் பதிவுகளின் மூல நாடாக்கள் பிறகு ஏலத்துக்குப் போனதும், அவற்றைக் குழுவினரே மீட்டதும் இவ்வரலாற்றின் மறுபாதி. என் பார்வையில் இந்த இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதி இன்று நமக்குக் கிடைத்திருக்காது. ஒலியிலிருந்து தொடங்குவோம்.

ஒலிக்கூடம் எழுதியது:

நல்ல தொடக்கம். ஒலிப்பதிவாளரைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் அவரைச் சொல்லாமல் இந்தக் குழுவின் ஒலியைப் பேச வழியில்லை.

கிரேமர் என்ற ஒற்றைப் பெயரால் அறியப்படும் மார்க் கிரேமர், ஷிம்மி டிஸ்க் என்ற சிறு நிறுவனத்தையும் நாய்ஸ் நியூயார்க் கூடத்தையும் நடத்தியவர். பாங்வாட்டர் என்ற குழுவை நடத்திய இருவரில் ஒருவர். தாங்களே செய்த ஒரு மாதிரிப் பதிவை இந்த மூவரும் அவருக்கு அனுப்பினார்கள், அவர் ஒப்புக்கொண்டார். 1988 பிப்ரவரியில் அங்கே பதிவானதுதான் 'டக்போட்' என்ற முதல் சிங்கிள், அதாவது தனிப்பாடல் தட்டு. மறுபக்கத்தில் 'கிங் ஆஃப் ஸ்பெயின்'. வெளியிட்டது அரோரா என்ற சிறிய நிறுவனம்.

கிரேமர் செய்ததைக் காதால் கேட்டே அறியலாம். பாடகரின் குரலும் டிரம்ஸின் ஸ்னேர் அடியும் நீண்ட ரிவர்ப் எதிரொலிக்குள் மூழ்கியிருக்கும். பாஸ் மட்டும் தெளிவாகவும் அருகிலும் நிற்கும். கிட்டார் தொடக்கத்தில் ஒடுங்கிக் கிடந்து, பாடல் பாதியைத் தாண்டியதும் திடீரென முழு அறையையும் எடுத்துக்கொள்ளும். வழக்கமான ராக் பதிவில் டிரம்ஸும் பாஸும் சேர்ந்து தரையாக இருக்க, குரலும் கிட்டாரும் மேலே நிற்கும். இங்கே டிரம்ஸ் தரையில் இல்லை. குருகோவ்ஸ்கி தாளத்தை நிலைநிறுத்துவதை விட சிம்பல்களில் அலையெழுப்புவதிலேயே குறியாக இருப்பார். ஜாஸ் கேட்டு வளர்ந்த கையின் பழக்கம் அது. அந்தச் சிம்பல் ஒலியின் மேல் ரிவர்ப் சேரும்போது ஒவ்வோர் அடியும் அடுத்த அடி வரும் வரை கரைந்துகொண்டே இருக்கிறது. மெதுவாக வாசித்தால்தான் இது நடக்கும். வேகமாக வாசித்தால் எதிரொலிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். ஆகவே இவர்களுடைய மெதுவான வேகமும் கிரேமரின் எதிரொலியும் ஒன்றையொன்று தேடிக்கொண்டவை என்றே நான் கருதுகிறேன்.

'டக்போட்' பாடலை ஹெட்போனில் கேட்கும்போது குரல் வருவதற்கு முன்னுள்ள பகுதியைக் கவனியுங்கள். சில கோர்டுகள் மட்டுமே திரும்பத் திரும்ப வருகின்றன. விருந்துக்கு வர விருப்பமில்லை, உன் நண்பர்களோடு பேச விருப்பமில்லை, உன் இழுவைப் படகின் தலைவனாக இருந்தால் போதும் என்பதுதான் பாடலின் மொத்தச் செய்தி. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் கிட்டார் கலைஞர் ஸ்டெர்லிங் மாரிசன் இசையை விட்டுவிட்டு ஹூஸ்டனில் இழுவைப் படகுத் தலைவராக வேலை பார்த்தவர் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த ஆசை யாரை நோக்கியது என்பது உடனே விளங்கும்.

தாழ்சுருதி எழுதியது:

நான் பாஸ் வாசிப்பவன் என்பதால் யாங் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் கருவியை இந்தக் குழுவுக்காகவே கற்றார் என்று மூலநாடா சொன்னார். முறையாகப் பயின்ற பாஸ் கலைஞர் கோர்டின் அடிச்சுரத்தை முதலில் தேடுவார். அது பயிற்சி தரும் நல்ல பழக்கம். யாங்குக்கு அந்தப் பழக்கம் படியவில்லை. அவர் பாஸ் கிட்டாருடைய கழுத்தின் மேல் பகுதியில், உயர்ந்த சுரங்களில், தனியாகப் பாடத்தக்க ஒரு மெட்டையே வாசித்துக்கொண்டு போகிறார். 'ஆன் ஃபயர்' ஆல்பத்தின் 'ஸ்னோஸ்டார்ம்' பாடலில் கிட்டாரை மனத்தால் நீக்கிவிட்டு பாஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பாடலின் உண்மையான மெட்டு அங்கேதான் ஓடுகிறது, குரல் அதைச் சுற்றி வருகிறது. ஜாய் டிவிஷனின் பீட்டர் ஹுக்கோடு பலர் அவரை ஒப்பிடுகிறார்கள். ஒப்பீடு பொருத்தமானதே, ஆனால் ஹுக்கின் வாசிப்பில் உள்ள முறுக்கு இவரிடம் இல்லை. இவருடைய சுரங்கள் தளர்ந்து நீள்கின்றன, அடுத்த சுரத்துக்கு அவசரமில்லாமல் போகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆல்பங்களின் அட்டைகளையும் அச்சு வடிவமைப்பையும் கவனித்துக்கொண்டவரும் அவரே. குழுவைப் பற்றி எழுதுபவர்கள் பாடகரையே மையமாக வைத்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. கண்ணுக்கும் காதுக்கும் இந்தக் குழுவை அடையாளம் காட்டிய வேலையில் பாதி யாங்குடையது என்பதை இந்த இழையாவது சொல்லட்டும்.

நேர்ப்பதிவு எழுதியது:

ஒலிக்கூடம் அவர்களோடு நான் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். கிரேமரின் எதிரொலி இந்தக் குழுவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது உண்மை. ஆனால் அது ஒரு திரையாகவும் இருந்துவிட்டது. திரையை விலக்கிப் பார்க்க இரண்டு ஆவணங்கள் உள்ளன.

முதலாவது 'கோபன்ஹேகன்'. 1990 டிசம்பர் 1 அன்று அந்நகரில் நடந்த நிகழ்ச்சியை டென்மார்க் வானொலி பதிவு செய்தது. 1997இல் அது ஆல்பமாக வந்தது. இரண்டாவது, பிபிசி வானொலியில் ஜான் பீல் நிகழ்ச்சிக்காக 1989இலும் 1990இலும் செய்த இரு அமர்வுகள். இவை 2005இல் முழுமையாக வெளியாயின. இவற்றில் கிரேமரின் கைவண்ணம் இல்லை. அப்படியிருந்தும் பாடல்கள் சுருங்கிப் போகவில்லை. மாறாக வேர்ஹமின் கிட்டார் எவ்வளவு முரட்டுத்தனமானது என்பது முதல் முறையாகத் தெளிவாகக் கேட்கிறது. இரண்டாவது பீல் அமர்வில் செக்ஸ் பிஸ்டல்ஸின் 'சப்மிஷன்', யங் மார்பிள் ஜயண்ட்ஸின் 'ஃபைனல் டே', பஃபி செயின்ட்-மேரியின் 'மூன்ஷாட்' ஆகிய மூன்றையும் வாசித்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று உலகங்களிலிருந்து எடுத்த பாடல்கள் ஒரே குழுவின் சொந்தப் பாடல்களாக ஒலிக்கின்றன. இதைச் செய்யும் ஆற்றல் மூவரின் வாசிப்பில் இருந்திருக்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தின் கருவியில் இருந்திருக்க முடியாது.

ஒலிக்கூடம் எழுதியது:

நேர்ப்பதிவு நண்பரே, வாசிப்பின் வலிமையை நான் மறுக்கவில்லை. 'கோபன்ஹேகன்' நானும் விரும்பிக் கேட்கும் பதிவு. ஆனால் அந்த இரவில் அவர்கள் அப்படி வாசிக்கக் காரணமாக இருந்தது எது என்று கேட்க வேண்டும். கூடத்தில் தங்கள் அடியும் சுரமும் நீண்டு திரும்பி வருவதைக் கேட்டுப் பழகியவர்கள், அந்த இடைவெளியை மேடையிலும் விட்டு வைக்கக் கற்றுக்கொண்டார்கள். 1990 கடைசியில் வாசித்த மூவர், 1988 தொடக்கத்தில் கிரேமரிடம் போன அதே மூவர் அல்லர். அவருடைய தாக்கம் நாடாவோடு நிற்காமல் அவர்கள் கைக்கே வந்துவிட்டது. பின்னர் 1994இல் வெளியான, லோ குழுவின் முதல் ஆல்பமான 'ஐ குட் லிவ் இன் ஹோப்' பதிவான போதும் கூடத்தில் இருந்தவர் கிரேமர்தான். மெதுவாக வாசிக்கும் குழுவை எப்படி ஒலிக்கவைப்பது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மூலநாடா எழுதியது:

இருவரும் சொல்வது ஒன்றையொன்று வெட்டவில்லை என்று நினைக்கிறேன். நேர்ப்பதிவு அவர்கள் மற்றவர்களுடைய பாடல்களைக் குறிப்பிட்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

ஒவ்வோர் ஆல்பத்திலும் பிறர் பாடல் ஒன்று இருக்கிறது, அந்த ஒன்று எப்போதுமே ஆல்பத்தின் எடையைத் தாங்கும் இடத்தில் இருக்கிறது. 'டுடே'யில் ஜோனதன் ரிச்மனின் 'டோன்ட் லெட் அவர் யூத் கோ டு வேஸ்ட்'. ரிச்மன் இதைப் பக்கவாத்தியம் இல்லாமல் வெறும் குரலில் பாடியிருந்தார். அந்த வெற்றுக் குரலை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ ஏழு நிமிடம் நீளும் கிட்டார் பாடலாக இவர்கள் கட்டினார்கள். 'ஆன் ஃபயர்' ஜார்ஜ் ஹாரிசனின் 'இஸ்ன்ட் இட் எ பிட்டி' பாடலோடு முடிகிறது. 'திஸ் இஸ் அவர் மியூசிக்'கில் யோகோ ஓனோவின் 'லிசன், த ஸ்னோ இஸ் ஃபாலிங்'. 1971இல் லெனனின் கிறிஸ்துமஸ் சிங்கிளின் மறுபக்கத்தில் வந்து, அதிகம் பேர் கவனிக்காமல் கிடந்த பாடல் அது. இங்கே யாங் அதை ஏறக்குறையப் பேச்சுக் குரலில், மிக மெல்லப் பாடத் தொடங்குகிறார். பிறகு கிட்டார் எழும்பி எழும்பி எட்டு நிமிடத்தை நெருங்குகிறது. குழுவின் பதிவுகளில் எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். 'புளூ தண்டர்' என்ற சிறுதொகுப்பில் வந்த 'செரிமனி'யும் இந்த வரிசையில் சேரும். ஜாய் டிவிஷன் எழுதி, நியூ ஆர்டர் 1981இல் முதல் சிங்கிளாக வெளியிட்ட அந்தப் பாடலை, வேகத்தைக் குறைத்து, துக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறார்கள்.

மூன்றில் சிறந்தது 'ஆன் ஃபயர்' என்பது பொதுக் கருத்து, நானும் உடன்படுகிறேன். 'டீகம்போசிங் ட்ரீஸ்' பாடலில் ரால்ஃப் கார்னியின் சாக்ஸபோன் நுழையும் இடத்தில் பாடல் தன் அச்சிலிருந்து விலகி வேறெங்கோ போகிறது. இதே கார்னி டாம் வெய்ட்ஸின் பதிவுகளிலும் வாசித்தவர். யாங் பாடும் 'அனதர் டே' அதே ஆல்பத்தில் இருக்கிறது. மூன்றாவது ஆல்பத்தைச் சிலர் தளர்ந்த வேலை என்கிறார்கள். பெயரை ஆர்னட் கோல்மனின் ஜாஸ் ஆல்பத்திலிருந்து எடுத்த அந்தத் தொகுப்பில் ஒலி இன்னும் சீராகவும் அகலமாகவும் இருக்கிறது; அதனால் முதல் இரண்டில் இருந்த நடுக்கம் குறைந்துவிட்டது. என் கணக்கில் குறை அவ்வளவே. 'ஃபோர்த் ஆஃப் ஜூலை' போன்ற தொடக்கம் மற்ற இரண்டிலும் இல்லை.

புதுக்கேட்பவர் எழுதியது:

ஐயா, இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த குழு 1991இல் ஏன் கலைந்தது? மூவரும் பள்ளி நாள் நண்பர்கள் என்கிறீர்கள். பிறகு நாடாக்கள் ஏலத்துக்குப் போனதற்கும் குழு கலைந்ததற்கும் தொடர்பு உண்டா?

மூலநாடா எழுதியது:

இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தன; ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் இல்லை.

குருகோவ்ஸ்கியும் யாங்கும் இணையர். அவர்கள் ஹார்வர்டு உள்ள கேம்பிரிட்ஜில் இருந்தார்கள். வேர்ஹம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்துவிட்டார். மூவர் உள்ள குழுவில் இருவர் இணையராக இருந்தால் ஒவ்வொரு முடிவிலும் வாக்கு இரண்டுக்கு ஒன்றாக விழும் வாய்ப்பு அதிகம், அதுவும் ஊர்கள் வேறாகும்போது தனித்து நிற்பவர் மேலும் விலகிப் போவார். 1991 வசந்தத்தில் காக்டோ ட்வின்ஸ் குழுவின் நிகழ்ச்சிகளில் தொடக்கக் குழுவாக அமெரிக்கா முழுவதும் வாசித்து முடித்த பிறகு, ஜப்பான் பயணம் காத்திருந்த நிலையில், வேர்ஹம் தொலைபேசியில் அழைத்துத் தான் விலகுவதாகச் சொன்னார். வேர்ஹம் தன் தரப்பை 2008இல் வெளியான 'பிளாக் போஸ்ட்கார்ட்ஸ்' என்ற நினைவுநூலில் எழுதியிருக்கிறார். மற்ற இருவரும் நேர்காணல்களில் தங்கள் தரப்பைச் சொல்லியிருக்கிறார்கள். இரு தரப்பிலும் வலி இருக்கிறது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல வெளியிலிருந்து கேட்கும் நமக்கு உரிமையில்லை.

நாடாக்களின் கதை வேறு. இரண்டாவது, மூன்றாவது ஆல்பங்களை வெளியிட்ட ரஃப் டிரேட் நிறுவனம் 1991இல் திவாலானது. திவாலான நிறுவனத்தின் சொத்து என்றால் நாற்காலி, மேசை, கிடங்கில் உள்ள தட்டுகள் மட்டும் அல்ல. அதன் கையில் இருக்கும் ஒலிப்பதிவு உரிமைகளும் மூல நாடாக்களும் சொத்துப் பட்டியலில் சேர்ந்து, கடன்காரர்களுக்குப் பணம் திரட்ட ஏலம் விடப்படும். குழுவுக்கு வரவேண்டியிருந்த ராயல்டி திரும்பவில்லை. பாக்கிக்காகக் காத்திருக்கும் கலைஞர், கடன் கொடுத்தவர்களின் வரிசையில் இன்னொருவர், அவ்வளவுதான். இந்த நிலையில் குருகோவ்ஸ்கியும் யாங்கும் ஏலத்தில் கலந்துகொண்டு தங்கள் சொந்தப் பதிவுகளைத் தாங்களே விலைகொடுத்து வாங்கினார்கள். தாங்கள் எழுதி, தாங்கள் வாசித்து, ஏற்கெனவே வெளியிட்ட பாடல்களுக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனாலும் அன்று அவர்கள் அதைச் செய்திராவிட்டால், நாடாக்கள் யாரோ ஒருவருடைய கிடங்கில் கிடந்திருக்கும்.

உடனே அவை கடைக்கு வந்துவிடவில்லை. சில ஆண்டுகள் மூன்று ஆல்பங்களும் புதிதாகக் கிடைக்காமல் இருந்தன. 1996இல் ரைகோடிஸ்க் நிறுவனத்தின் வழியாக மூன்றையும் கூடுதல் பதிவுகளையும் சேர்த்து ஒரு பெட்டித் தொகுப்பாகக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகே, குழு இருந்த காலத்தில் இவர்களைக் கேட்டிராத ஒரு தலைமுறைக்கு இந்த இசை போய்ச் சேர்ந்தது. பிற்காலத்தில் 20|20|20 என்ற தங்கள் சொந்த நிறுவனத்தின் பெயரிலேயே வெளியிட்டார்கள். பீல் அமர்வுகள் வந்ததும் அந்தப் பெயரில்தான்.

கணக்கர் எழுதியது:

உரிமை கையில் இருப்பதன் பலனை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். தங்களுக்கு வரும் பணத்தின் கணக்கு இவர்கள் கையிலேயே இருந்தது. ஆகவே குருகோவ்ஸ்கி அந்தக் கணக்கைப் பொதுவில் வைத்தார்.

2012 நவம்பரில் பிட்ச்ஃபோர்க் இதழில் அவர் எழுதிய கட்டுரையை இசைத் தொழிலில் அக்கறை உள்ள ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். 'டக்போட்' பாடல் ஒரு காலாண்டில் பண்டோரா என்ற இணைய வானொலியில் 7,800 முறை ஒலித்தது. பாடலாசிரியர்கள் என்ற முறையில் மூவருக்கும் சேர்த்து வந்தது 21 சென்ட், ஆளுக்கு 7 சென்ட். ஸ்பாட்டிஃபையில் 5,960 முறை ஒலித்ததற்கு மூவருக்கும் சேர்த்து 1.05 டாலர், ஆளுக்கு 35 சென்ட். இந்தக் கணக்கிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது: எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார் என்று பிரிக்காமல் மூவரும் சரிசமமாகப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கசந்து பிரிந்த பிறகும் அந்தப் பங்கீடு மாறவில்லை.

பிறகு அவர் வைத்த ஒப்பீடுதான் என்னை உலுக்கியது. 1988இல் ஒரு சிங்கிளை 1,000 பிரதி அச்சடித்து விற்றால் கிடைத்திருக்கக்கூடிய வருவாயை 2012இல் ஸ்ட்ரீமிங்கில் ஈட்ட வேண்டுமென்றால் 1.3 கோடி முறைக்கு மேல் அது ஒலிக்க வேண்டும். ஆயிரம் பேர் காசு கொடுத்து வாங்கினால் ஒரு சிறு குழு அடுத்த பதிவுக்குக் கூடத்தை வாடகைக்கு எடுக்க முடிந்த காலம் அது. நாய்ஸ் நியூயார்க்கில் மூன்று ஆண்டில் மூன்று ஆல்பம் உருவாக முடிந்ததற்கு அந்தப் பொருளாதாரமே அடிப்படை என்று நான் கருதுகிறேன்.

அவர் எழுதியதோடு நிற்கவில்லை. 2020இல் உருவான இசைக் கலைஞர்கள், இசைத் தொழிலாளர்கள் சங்கத்தில் முன்னின்று வேலை செய்தார். ஒரு முறை ஒலிக்கக் குறைந்தது ஒரு சென்ட் தர வேண்டும் என்று ஸ்பாட்டிஃபையிடம் அந்தச் சங்கம் கேட்டது. 2021 மார்ச்சில் பல நாடுகளில் அந்நிறுவனத்தின் அலுவலகங்கள் முன் ஆர்ப்பாட்டம் நடந்தது. நிறுவனமோ 2024 முதல், ஆண்டுக்கு 1,000 முறைக்குக் குறைவாக ஒலிக்கும் பாடலின் பதிவுக்குப் பணமே கிடையாது என்ற விதியைக் கொண்டுவந்தது. சிறு குழுக்களின் பழைய பாடல்களில் எத்தனை இந்த வரம்புக்குக் கீழே விழும் என்பதை நாமே ஊகிக்கலாம்.

நேர்ப்பதிவு எழுதியது:

கணக்கர் அவர்கள் சொன்னதோடு 'ஸ்ட்ரேஞ்ச்' பாடலின் கதையும் சேர வேண்டும்.

'ஆன் ஃபயர்' ஆல்பத்தில் நான்காவதாக வரும் பாடல் அது. அது சிங்கிளாக வந்ததில்லை. கடைக்குள் போய்க் கோலாவை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் ஒருவன், சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் ஏன் இப்படி விசித்திரமாகத் தெரிகிறார்கள் என்று கேட்டுக்கொள்வதுதான் பாடல். 2017 தொடக்கத்திலிருந்து ஸ்பாட்டிஃபையில் மட்டும் இந்தப் பாடலின் எண்ணிக்கை ஏறத் தொடங்கி, குழுவின் மற்ற பாடல்கள் அனைத்தையும் தாண்டிவிட்டது. வேறு எந்தத் தளத்திலும் அப்படி நிகழவில்லை. குருகோவ்ஸ்கி இதை ஆராய்ந்து 2018இல் எழுதினார். அந்த 2017 ஜனவரியில்தான், கேட்பவர் தேர்ந்தெடுத்த ஆல்பம் முடிந்ததும் அதை ஒத்த வேறு பாடல்களைத் தானாகவே ஒலிக்கச் செய்யும் ஆட்டோபிளே வசதியை நிறுவனம் எல்லாருக்கும் இயல்பாகவே இயக்கத்தில் வைத்தது. சீரான தாளமும் வழக்கமான பாடல் அமைப்பும், இவர்களின் மற்ற பாடல்களோடு ஒப்பிட்டால் குறைந்த நீளமும் கொண்ட 'ஸ்ட்ரேஞ்ச்', மற்ற குழுக்களின் பாடல்களுக்கு நடுவில் எளிதாக ஒட்டிக்கொண்டது. கேலக்ஸி 500 போலவே ஒலிக்கும் 'ஸ்னோஸ்டார்ம்' அப்படி ஒட்டவில்லை.

ஒரு குழு தன்னைப் போல மிகக் குறைவாக ஒலிக்கும் பாடலால்தான் அதிகம் அறியப்படும் என்ற நிலை எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. பாடல் நல்ல பாடல்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைக் கேட்டு இந்தக் குழுவைத் தேடி வருபவருக்கு அடுத்து எதைத் தருவது என்பதை அந்த ஆட்டோபிளே அறியாது. இழையின் வாசகர்கள் அறிவார்கள்.

புதுக்கேட்பவர் எழுதியது:

உண்மையில் நான் 'ஸ்ட்ரேஞ்ச்' கேட்டுத்தான் இங்கே வந்தேன். அடுத்து எதைக் கேட்க வேண்டும்? 2024இல் வந்த 'அன்கலெக்டட் நாய்ஸ் நியூயார்க்' தொகுப்பிலிருந்து தொடங்கலாமா?

தாழ்சுருதி எழுதியது:

அதிலிருந்து தொடங்க வேண்டாம், நண்பரே. 'ஆன் ஃபயர்' ஆல்பத்தை முதல் பாடலிலிருந்து கடைசி வரை ஒரே அமர்வில் கேளுங்கள், வரிசையைக் கலைக்காமல். பிறகு 'டுடே'. அதன் பின் 'கோபன்ஹேகன்'. பிரிந்த பின் மூவரும் எங்கே போனார்கள் என்று அறிய விரும்பினால், வேர்ஹமின் லூனா குழுவையும், கிரேமரே பதிவு செய்து 1992இல் வந்த டேமன், நவோமி இருவரின் 'மோர் சேட் ஹிட்ஸ்' ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கிட்டாரும் சொற்சுருக்கமும் நகைச்சுவையும் ஒரு பக்கம் போயிருக்கும், சிம்பல்களின் அலையும் பாஸின் நீளமும் மறு பக்கம் போயிருக்கும்.

மூலநாடா எழுதியது:

2024இல் சில்வர் கரன்ட் நிறுவனம் வெளியிட்ட 'அன்கலெக்டட் நாய்ஸ் நியூயார்க் '88–'90' பற்றி மட்டும் சொல்கிறேன். கிரேமரின் கூடத்தில் பதிவாகி, மூன்று ஆல்பங்களில் சேராமல் போனவற்றைக் கால வரிசையில் அடுக்கிய 24 பாடல்கள் அதில் உள்ளன. 'ஷவுட் யூ டவுன்', 'ஐ வான்னா லிவ்' போன்ற சில, முன்பு எங்குமே வெளிவராதவை. ஏலத்தில் மீட்ட நாடாக்களைக் குழுவினர் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இத்தனை ஆண்டு கழித்தும் இது சாத்தியமாயிற்று.

கேட்டவுடன் என்னைக் கவர்ந்தது, விடுபட்ட பாடல்கள் ஏன் விடுபட்டன என்பது தெளிவாகப் புரிவதுதான். அவை மோசமான பாடல்கள் அல்ல. சில சற்று வேகமானவை, சில நடையிலே வேறு குழுக்களை நினைவூட்டுபவை. எது தங்களுடையது, எது தங்களுடையது போல மட்டும் தோன்றுகிறது என்பதை இருபதுகளின் நடுவில் இருந்த மூவர், கூடத்தில் கிடைத்த குறைந்த நேரத்துக்குள், ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் சரியாகத் தீர்மானித்திருக்கிறார்கள். மூன்று ஆல்பங்களையும் நன்கு கேட்டுப் பழகிய பிறகு இந்தத் தொகுப்புக்கு வந்தால், அந்தத் தீர்மானங்களை ஒவ்வொன்றாக அவர்களோடு சேர்ந்து எடுத்துப் பார்க்கலாம். 'கிங் ஆஃப் ஸ்பெயின்' பாடலின் 1988 வடிவத்தையும், 'திஸ் இஸ் அவர் மியூசிக்'கின் கடைசியில் உள்ள அதன் இரண்டாம் பாகத்தையும் அருகருகே வைத்துக் கேட்டுவிட்டு, எது பிடித்திருந்தது என்று இங்கே எழுதுங்கள்.